கேட்டால் சொல்கிறேன்: அறுபது புத்தகம் வாசித்தும் புத்தி வரவில்லையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புத்தகம் பற்றித்தான். ஜூன் மாதம் என்பதால் இருக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள், பள்ளிக்கூடங்களில் தடபுடலாக நடக்கும், அந்தக் காற்று களியக்காவிளை தாண்டி இங்கே குமரி மாவட்டத்திலும் கொஞ்சம் அடிக்கிறது. அதனால் பட்டா மாற்றம், ரேஷன் கார்டு கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருடமாக அரசுத் தேர்வுக்குத் தயாராகிறேன். அதோடு கையில் கிடைக்கிற புத்தகம் எல்லாம் வாசிப்பேன். வரலாறு, நாவல், சுயமுன்னேற்றம், எதையும் விடுவதில்லை. போன வருடம் மட்டும் அறுபது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் கூட்டுக்காரன் ஒருவன் பேப்பர்கூடப் புரட்ட மாட்டான். ஆனால் கணக்கும் ரீசனிங்கும் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு, வாக்குவாதத்திலும் என்னை மடக்கிவிடுகிறான். நிறைய வாசித்தால் அறிவு வளரும் என்றது பொய்யா?
– ஒரு தேர்வர், கருங்கல்

தம்பி, எண்ணி எண்ணி நோட்டில் எழுதுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம். அதை அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் சிக்கலில் பாதி நம்முடைய மொழியிலேயே இருக்கிறது. நாம் பேப்பரையும் படிக்கிறோம், பத்தாம் வகுப்பும் படிக்கிறோம், வேலைக்குப் போன ஆளைப் 'படித்தவர்' என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளம் பேசும் பாறசாலைக்காரர் ஒருவரிடம் போய் 'காலையில பேப்பர் படிச்சேன்' என்று சொல்லிப் பாருங்கள், என்ன பரீட்சைக்கு என்று கேட்பார். அவருக்குப் பேப்பர் 'வாயிக்க' உள்ளது. 'படிக்க' என்றால் உட்கார்ந்து மனதில் ஏற்றுவது, ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது, கார் ஓட்டுவதைக்கூட அவர்கள் 'படிப்பார்கள்'. பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரே சொல் இப்படித் திசை மாறிவிடுகிறது. நீங்கள் அறுபது புத்தகம் வாயித்திருக்கிறீர்கள், சரி. அதில் எத்தனை படித்தீர்கள்?

வள்ளுவரிடம் போனாலும் ஒரே பதில் கிடைக்காது. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்று 396-ஆம் குறளில் சொல்வார், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறுவது போலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்று. இது எல்லோருக்கும் தெரியும், பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கும். ஆனால் 373-ஐ யாரும் சுவரில் எழுதுவதில்லை: 'நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்.' எத்தனை நுட்பமான நூல்களைக் கற்றாலும் கடைசியில் அவனவனுக்கு வாய்த்த அறிவுதான் மேலே நிற்குமாம். முதலாவது கல்வி அதிகாரம், இது ஊழ் அதிகாரம். பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் அவரே குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தச் சண்டையை 1940-களில் ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் வேறு மாதிரி தீர்த்துவைத்தார். அறிவு என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுவதை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, முன்பின் பார்த்திராத புதிரை அந்த இடத்திலேயே அவிழ்க்கிற சாமர்த்தியம். இளவயதில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். இன்னொன்று, சேர்த்துவைத்த அறிவு: சொற்கள், விஷயங்கள், எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்ற பிடிமானம். இது அறுபது வயது தாண்டியும் ஏறிக்கொண்டே போகலாம். உங்கள் கூட்டுக்காரனுக்கு முதல் சரக்கு தாராளம், நீங்கள் சேர்ப்பது இரண்டாவது, ரீசனிங் தாள் கேட்பதோ முதலாவதை. நாவல் வாசித்துவிட்டு அந்தத் தாளில் மார்க் எதிர்பார்ப்பது, நீச்சல் பழகிவிட்டுத் தென்னை ஏறப் போவது மாதிரி.

அதற்காக வாசிப்பு முதலாவதைத் தொடவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களாகப் பார்த்து 1,890 ஜோடிகளை ஏழு வயதிலிருந்து பதினாறு வயது வரை தொடர்ந்து சோதித்தார்கள், 2014-ல் முடிவு வெளியானது. ஒரே மரபணு, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அப்படியும் ஏழு வயதில் கொஞ்சம் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை, பின்னால் வைத்த அறிவுச் சோதனைகளிலும் கொஞ்சம் முன்னால் நின்றது, அதுவும் எழுத்தே இல்லாத, படங்களை வைத்து விடுவிக்கிற சோதனைகளில்கூட. வித்தியாசம் சிறியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள், அது வாசிக்கும் திறமையைப் பற்றிய ஆய்வு, வருடத்துக்கு எத்தனை புத்தகம் என்பதைப் பற்றியது அல்ல.

பள்ளிக்கூடம் பற்றி இதைவிடப் பலமான சான்று இருக்கிறது. 6 லட்சம் பேருக்கு மேல் உள்ள பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் சொன்னார்கள், கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் ஐ.க்யூ. 1 முதல் 5 புள்ளி வரை ஏறுகிறது என்று. வாசிப்பு மட்டும் என்றால் சின்ன லாபம், பள்ளிக்கூடம் என்றால் பெரிய லாபம், ஏன்? என் கணக்கு இது: பள்ளிக்கூடத்தில் வாசித்துவிட்டுத் தப்பித்துப் போக முடியாது. எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தப்பு என்றால் சிவப்பு மையில் கோடு விழும். வீட்டுப் புத்தகம் உங்களை எதுவுமே கேட்காது, கடைசிப் பக்கம் வந்ததும் 'முடித்துவிட்டாய்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும், நீங்களும் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

அந்தச் சந்தேகம் இதுதான். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் செய்த சோதனை ஒன்று உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி கொடுத்து, சிலரை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள், சிலரை ஒரு தடவை வாசித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டு தடவை வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56. ஆகவே தேர்வுக்கும் சரி, அறிவுக்கும் சரி, அடுத்த அறுபதுக்குப் போகாமல் பழைய அறுபதில் ஆறை எடுத்து, மூடிவைத்து, என்ன சொன்னான் என்று உங்கள் வாயால் அந்தக் கூட்டுக்காரனிடமே சொல்லிப் பாருங்கள். எங்கே மடக்குகிறானோ அங்கே உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அவனைவிட நல்ல வாத்தியார் உங்களுக்குக் கிடைக்க மாட்டான், சாயா வாங்கிக் கொடுத்தால் போதும்.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன், என் மானம் போனாலும் பரவாயில்லை. 1990-களில் தேக்கு மரத்தில் பணம் போட்டால் இருபது வருடத்தில் லட்சங்களாகத் திரும்பும் என்று ஒரு கம்பெனி ஏஜென்ட் வைத்து ஊரெல்லாம் வசூலித்தது. நான் அப்போதே ஊர் வாசகசாலை அலமாரியில் இருந்த புத்தகம் அத்தனையும் முடித்தவன், கூட்டுவட்டி பற்றி மேடையில் பேசியவன். பத்தாயிரம் கட்டினேன். எங்கள் பக்கத்து வீட்டில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு பாட்டி, ஏஜென்ட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'மரம் எங்க நிக்குது, காட்டித் தா.' அவன் திரும்பி வரவே இல்லை. டொராண்டோவில் பேராசிரியராக இருந்த கெயித் ஸ்டானோவிச் இதற்கென்றே ஒரு சொல் உண்டாக்கினார். ஐ.க்யூ. நன்றாக இருந்தும் அறிவுக்குப் பொருந்த யோசிக்கவும் நடக்கவும் முடியாத நிலைக்கு 'டிஸ்ரேஷனாலியா' என்று ஒரு குறைபாடு மாதிரி பெயர் வைத்தார். என் பத்தாயிரம் அந்தப் பெயரில்தான் கணக்கில் நிற்கிறது. அதனால் நிறைய வாசித்தவன் ஏமாற மாட்டான் என்று நான் யாருக்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

அப்புறம் 'பரந்த வாசிப்பு' என்பது அலமாரியில் பல நிற அட்டை இருப்பது இல்லை. நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, இரண்டு பக்கத்துப் பேப்பரும் கைக்கெட்டும். நெய்யாறு இடதுகரைக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்திலிருந்து அதன் வழியாக நம்ம விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றது. இந்தப் பக்கத்துப் பேப்பரில், ஒரே ராஜ்யமாக இருந்தபோது நமக்கும் சேர்த்துப் போட்ட திட்டம், 1956-ல் கோடு கிழித்ததால் உரிமை போய்விடுமா என்று இருக்கும். அந்தப் பக்கத்துப் பேப்பரில், நெய்யாறு முழுக்கக் கேரளத்துக்குள் ஓடுகிற ஆறு, பல மாநில நதியே அல்ல என்று இருக்கும். ஒன்றை மட்டும் வாசிப்பவனுக்கு மற்றவன் முட்டாளாகவோ திருடனாகவோ தெரிவான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாசிப்பவன்தான் முதல் தடவையாக 'சரி, அப்படியானால் ஆறு யாருடையது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்?' என்று கேட்கத் தொடங்குவான். அந்தக் கேள்வி உங்கள் அறுபதில் எத்தனை புத்தகத்தில் வந்தது? ஒரே மாதிரி சுயமுன்னேற்றப் புத்தகம் இருபது என்றால் அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

பதினொரு வயது மகன். கால்பந்து தவிர எதையும் வாசிக்க மாட்டான். விளையாட்டுப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறான், யார் எந்த கிளப்புக்கு எத்தனை கோடிக்குப் போனான் என்று தலைகீழாய்ச் சொல்கிறான். ஆனால் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் முழிக்கிறான். வாசிப்புத் திறன் குறைவு என்கிறார் வாத்தியார். அவன் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், நான் ஒருத்தி என்ன செய்ய? அந்த நோட்டைப் பிடுங்கி வைக்கவா?
– ஒரு தாய், தூத்தூர்

பிடுங்க வேண்டாம் அம்மா. தூத்தூரில் பிறந்த பையன் கால்பந்து வாசிக்காமல் வேறு எதை வாசிப்பான்?

1988-ல் அமெரிக்காவில் 64 பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை. பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை வர்ணிக்கிற பத்தியைக் கொடுத்து, புரிந்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்டவும் சொல்லவும் கேட்டார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஆட்டம் தெரியாதவர்கள், திணறினார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயர் வாங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். அதாவது 'வாசிப்புத் திறன்' என்று தனியாக ஒரு தசை கிடையாது. எதைப் பற்றித் தெரியுமோ அதைப் பற்றி எழுதியது புரியும். உங்கள் மகன் பாடப்புத்தகப் பத்தியில் முழிப்பது, அந்த விஷயம் அவனுக்கு அந்நியம் என்பதால் இருக்கலாம். கால்பந்து பற்றி அதே நீளத்தில் ஒரு பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டுப் பார்க்கும்படி வாத்தியாரிடம் சொல்லுங்கள். அப்போதும் எழுத்துக்கூட்டித் தடுமாறினால் மட்டும் கண்ணையும் எழுத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் கால்பந்திலேயே விட்டுவிடவும் கூடாது. பரந்த வாசிப்பு தேவைப்படுவதே இதனால்தான், தெரிந்ததோடு ஒட்டித்தான் தெரியாதது ஏறும், ஒட்ட இடமே இல்லாவிட்டால் வழுக்கிவிடும். அவன் கையில் இருக்கிற பந்திலிருந்தே நூல் பிடித்துப் போகலாம். பிரேசில்காரன் ஏன் போர்ச்சுகீஸ் பேசுகிறான்? பிரான்ஸ் அணியில் ஆப்பிரிக்கப் பூர்வீகம் உள்ளவர்கள் ஏன் இத்தனை பேர்? இரண்டு கேள்விக்கும் விடை கப்பல், மிளகு, அடிமை வியாபாரம், காலனி என்று எங்கெங்கோ போகும், நம்ம கரையையே வந்து தொடும். புள்ளிப் பட்டியலில் கோல் வித்தியாசம் மைனஸ் ஏழு என்று வருகிறதே, அதுதான் கணக்குப் புத்தகத்தில் குறை எண்கள். அப்பா கரைக்கு வந்ததும் போட்டில் இருக்கும் ஜி.பி.எஸ். எப்படி இடம் காட்டுகிறது என்று இவனைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த மனிதருக்குத் தெரிந்த கடல் எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை.

அந்த நோட்டுக்கு ஒரு அட்டை போட்டுக் கொடுங்கள்.

எட்டாம் வகுப்போடு நிறுத்தி ரப்பர் வெட்டுக்குப் போனவன், வயது 52. இப்போது கண் மங்குகிறது. மகள் போனில் ஒலிப்புத்தகம் போட்டுத் தந்தாள், விடியற்காலை வெட்டும்போது காதில் மாட்டிக் கேட்கிறேன். ஒரு வருடத்தில் நிறையக் கேட்டுவிட்டேன். கல்லூரியில் படிக்கிற மருமகன் 'அது வாசிப்பு ஆகாது' என்கிறான். வாசிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு யோசிக்கிற விதமே வேறு என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே?
– பால் வெட்டுக்காரர், குலசேகரம்

அண்ணாச்சி, மருமகனிடம் கேள்வி அதிகாரத்தைப் புரட்டச் சொல்லுங்கள். 'கற்றில னாயினுங் கேட்க' என்று 414-ல் இருக்கிறது. கற்காவிட்டாலும் கேள், தளரும்போது ஊன்றுகோலாக இருக்கும் என்கிறார். அந்தக் காலத்தில் போன் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

விஞ்ஞானமும் உங்கள் பக்கம்தான். 2019-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரே கதைகளைச் சிலரை வாசிக்கவும் கேட்கவும் வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். பொருளைப் பிடிக்கிற இடங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. கண் வழி போனாலும் காது வழி போனாலும் உள்ளே போய்ச் சேருகிற வீடு ஒன்றுதான். ஒரு குறை என்னவென்றால், கண்ணால் வாசிப்பவன் புரியாத இடத்தில் தானாகவே நின்று மேல்வரிக்குத் திரும்புவான், காதில் கேட்பவனை விட்டுவிட்டுக் கதை சொல்கிற ஆள் முன்னால் ஓடிப்போய்விடுவான். கையில் கத்தி வேறு இருக்கிறது. கொஞ்சம் ஆழமாகப் போனால் பட்டையில் காயம் விழுந்து மரம் முடிச்சு முடிச்சாக வீங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதை என்றால் வெட்டும்போது கேளுங்கள். யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தால் ஷீட் அடிக்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் சொன்ன ஆராய்ச்சி உண்மையில் இருக்கிறது. அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் 1931, 1932-ல் உஸ்பெகிஸ்தான் பக்கம் போய் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளிடம் கேட்டார்: பனி பெய்கிற வடகோடியில் கரடி எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா வடகோடியில் இருக்கிறது, அங்கே எப்போதும் பனி. அங்குள்ள கரடி என்ன நிறம்? ஒருவர், நான் கறுப்புக் கரடிதான் பார்த்திருக்கிறேன், பார்க்காததைப் பற்றிப் பேசுவதில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். கொஞ்சம் படித்தவர்கள் உடனே வெள்ளை என்றார்கள். இதை வைத்து எழுத்தறிவு இல்லாதவனுக்குத் தர்க்கம் வராது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த விவசாயியின் பதிலில் ஒரு தப்பும் தெரியவில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர் அப்படித்தானே பேச வேண்டும்? தேக்கு மரத்தைக் காட்டச் சொன்ன பாட்டியும் அவரும் ஒரே ஜாதி.

சரி, எழுத்தினாலா பள்ளிக்கூடத்தினாலா இந்த வித்தியாசம்? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு அபூர்வமான இடம் அகப்பட்டது. ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டில் வாய் என்று ஒரு மக்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு எழுத்து உண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகிறார்கள். சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் அங்கே வருடக்கணக்கில் ஆராய்ந்து 1981-ல் புத்தகமாகப் போட்டார்கள். அந்த எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், எழுதவே தெரியாதவர்களைவிடப் பொதுவான யோசனைச் சோதனைகளில் பெரிதாக மிஞ்சவில்லை. பள்ளிக்கூடம் போனவர்கள்தான், குறிப்பாக ஏன் அப்படிச் சொன்னாய் என்று விளக்கச் சொன்ன இடத்தில், முன்னால் நின்றார்கள். எழுத்து தெரிந்தவர்கள் எதில் நன்றாகச் செய்தார்கள் என்றால், கடிதம் எழுதிப் பழகியதால் வருகிற சில்லறைத் திறமைகளில். எதைப் பழகினார்களோ அது வந்தது, அவ்வளவுதான்.

உங்கள் தொழிலையே பாருங்கள். இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்து வெட்ட வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியும். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன, இந்தச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், அதனால்தான் பால் கூடும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. விடியும் முன் வெட்டுவது ஏன் என்பதும் இருக்கிறது, அப்போது மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அதை மட்டும் வாசித்தவன் வெட்டினால் மரம் பாழ். வெட்ட மட்டும் தெரிந்தவன் வேறு மரம், வேறு ஊர் என்று போனால் எதை மாற்றலாம் எதை மாற்றக் கூடாது என்று தெரியாமல் நிற்பான். உங்களிடம் கைவேலை முப்பது வருடமாக இருக்கிறது, புத்தக அறிவு இப்போது காது வழியே வந்துகொண்டிருக்கிறது. மருமகனுக்கு இரண்டில் ஒன்றுதான்.

நிமிடத்துக்கு ஆயிரம் சொல் வாசிக்கக் கற்றுத்தருவதாக ஒரு வகுப்பு, கட்டணம் எட்டாயிரம். சேரலாமா?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

வேண்டாம். வேகம் கூடினால் புரிவது குறையும் என்று 2016-ல் கீத் ரேனர் குழுவினர் இதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதிவிட்டார்கள். வேகமாக வாசிக்கிறவர்கள், அந்த விஷயம் முன்பே தெரிந்தவர்கள். எட்டாயிரத்துக்குப் புத்தகம் வாங்குங்கள், மெதுவாகவே வாசியுங்கள்.

நான் தமிழ் வாசிக்கத் தெரிந்த மலையாளி. 'போனில் வாசிப்பது வாசிப்பே இல்லை' என்று முன்பு எழுதியிருந்தீர்கள். 'வாயிச்சு வளருக' என்று சொன்ன பி.என். பணிக்கர் கடலாஸில் மட்டும் வாயிக்கச் சொல்லவில்லையே? உங்கள் பத்திரிகையையே நான் போனில்தான் வாசிக்கிறேன்.
– பாறசாலை வாசகர்

அடி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. 'வாசிப்பே இல்லை' என்று எழுதியது வாய்க்கொழுப்பு, வாபஸ் வாங்குகிறேன். ஆனால் முழுசாக இல்லை. 54 ஆய்வுகளை, 1,70,000 பேருக்கு மேல் கலந்துகொண்டவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு முடிவு சொன்னார்கள். கதை என்றால் காகிதமும் திரையும் ஒன்றுதான். பாடம், கட்டுரை போன்றவற்றில் காகிதத்தில் வாசித்தவர்களுக்கு ஓரளவு நன்றாகப் புரிகிறது, அதுவும் நேரம் குறைவாக இருந்தால் வித்தியாசம் கூடுகிறது. போனில் நாம் எதையும் மேலோட்டமாக ஓட்டிப் பழகிவிட்டோம் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். போன் மேல் குற்றம் இல்லை, கட்டைவிரல் மேல்தான்.

பணிக்கர் சார் பெயரை நீங்கள் எடுத்தது சந்தோஷம். 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை அவர் தொடங்கியபோது கல்குளமும் விளவங்கோடும் அதே ராஜ்யத்தில்தான் இருந்தன, எங்கள் ஊர்களில் நூலகத்தை இன்னும் வாசகசாலை என்று சொல்கிறவர்கள் இருப்பது அந்தப் பழைய உறவின் வாசனை. ஜூன் 19 அவருடைய நினைவு நாள். ஆனால் பாருங்கள், அந்த முழக்கத்தில் நீங்களும் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் அப்படித்தான். 'வாயிச்சு வளருக, சிந்திச்சு விவேகம் நேடுக' என்பதுதான் முழுசு, அதாவது வாசித்து வளர்க, சிந்தித்து விவேகம் பெறுக. வளர்வது ஒன்றால், விவேகம் இன்னொன்றால் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கருங்கல் தம்பிக்கு நான் மூன்று பக்கம் எழுதினேன், இந்த ஒரு வரியை உங்களிடமிருந்து கடன் வாங்கியிருந்தால் மை மிச்சம்.

பணி ஓய்வு பெற்று எட்டு வருடம். இனிமேல் வாசித்து என்ன அறிவு வரப் போகிறது என்று மனைவி கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.
– 66 வயது, நாகர்கோவில்

ரேமண்ட் கேட்டல் சொன்ன இரண்டாவது மூட்டை, அந்தச் சேர்த்துவைத்த அறிவு, இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்புறம், உங்கள் வீட்டம்மா கேட்டது அறிவைப் பற்றியா, இல்லை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவாமல் நாற்காலியில் சாய்வதைப் பற்றியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதாக இருந்தால் அதற்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை, கழுவிவிட்டு வாசியுங்கள்.

நீங்கள் பாதியில் விட்ட புத்தகம் உண்டா?
– ஏழாம் வகுப்பு மாணவி, குழித்துறை

நிறைய உண்டு மக்களே. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தேக்கு வளர்ப்பு பற்றிய அரசாங்க வெளியீடு, நாற்பதாம் பக்கத்தில் விட்டேன். மரம் விற்பனைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பது அதற்குப் பிறகுதான் இருந்திருக்கிறது.